மவ்லுதா டீச்சரின் வாயில் ரொட்டி

மவ்லுதா டீச்சருக்குப் பயம் வந்துவிட்டால் வாய் நிற்காது. பயமோ அடிக்கடி வரும்.

உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் வாத்தியார்கள் ஓடிப்போய், எங்கள் பர்தாங் மலைப் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. அப்போது ஒரு பழைய கம்பளிக் கிடங்கில் தொடங்கியதுதான் எங்கள் பயிற்சி நிலையம். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவரவர் ஊருக்கே வாத்தியாராக அனுப்பியது. முதல் வருஷம் படித்த மவ்லுதா அங்கேயே பயிற்சி தர நின்றுவிட்டார். நான் ஜீப் ஓட்டினேன்.

புதிதாக வாத்தியாரான பெண் பாடம் நடத்துவதை நிலையத்து ஆள் கடைசி பெஞ்சிலிருந்து பார்க்க வேண்டும். மார்ச் முடிவதற்குள் பார்க்காவிட்டால் அந்தப் பள்ளிக்குத் திரும்பவும் பூட்டுதான். அந்த வருஷம் மேல் கிராமத்து அஸல்மோ மட்டும் பாக்கி.

ஜீப்பைக் கீழே விட்டு நடந்தோம். ஊருக்கு முன்னால் பனி சரிகிற பள்ளம் ஒன்று. சத்தம் கேட்டாலே பனி சரியும் என்று அதில் எங்கள் ஆட்கள் மூச்சுக்கூட மெல்லத்தான் விடுவார்கள். ஒருவர் அந்தப் பக்கம் சேர்ந்த பிறகே அடுத்தவர் இறங்குவார்.

"நஸர்ஷோ அண்ணே, மேல தொங்குது பாருங்க. தொங்குதுல்ல? நேத்து வெயில் வேற..."

"வாயை மூடுங்க டீச்சர்."

"முடியலண்ணே, அது தானா ஓடுது."

"பையில ரொட்டி இருக்குல்ல? வாயில திணிங்க."

திணித்துக்கொண்டார். நான் முதலில் இறங்கினேன். நடுவில் போகும்போது தலைக்கு மேலே 'டப்' என்று ஒரு சத்தம். என் கால் இரண்டும் நின்றுவிட்டன. நிமிர்ந்து பார்க்கவும் துணிவில்லை.

முதுகில் ஒரு கை பட்டது. வரக்கூடாத நேரத்தில் டீச்சர் வந்திருந்தார். வாய் நிறைய ரொட்டி, கண்ணில் தண்ணீர். கழுதையைத் தள்ளுவதுபோல் என்னைத் தள்ளினார். விழுந்தடித்து ஓடினோம். கரை ஏறியதும் பின்னால் பள்ளத்தில் பனி இடிந்து விழுந்தது. பனிப்புழுதியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

ரொட்டியைத் துப்பிவிட்டு டீச்சர் முதலில் கேட்டது இதுதான்: "ஏண்ணே நின்னீங்க? பயந்துட்டீங்களா?"

"பூட்ஸ்ல பனி போயிருச்சு."

"ஓ, பூட்ஸ்ல."

மறுநாளே பாடம் பார்த்தாகிவிட்டது. பள்ளிக்கூடம் தப்பியது. வழிதான் பனியில் அடைபட்டுக் கிடந்தது. வேறு வேலை இல்லாமல் டீச்சர் தினமும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

விறகு பிளந்துகொண்டிருந்த என்னிடம் அஸல்மோ வந்தாள்.

"அண்ணே, வழி எப்பத் திறக்கும்? டீச்சர் ஒரு நாள்தான் பார்ப்பேன்னு சொன்னாங்க. அவங்களைப் பார்த்தாலே எனக்குக் கை நடுங்குது."

"திறக்கிறதை நினைச்சா எனக்கும்தான்" என்றேன்.

திரும்பிப் போகவும் அதே பள்ளம்தான். மேலே இன்னும் பாதிப் பனி தொங்கிக்கொண்டிருந்தது.