குதிரையை விட்டு இறங்காதவன்

குதிரை மேல் உட்கார்ந்தால் உலகமே கம்பீரமாகத் தெரியும் என்று யார் சொன்னது? போன சனிக்கிழமை நான் உட்கார்ந்தேன். தெரிந்ததெல்லாம் முதுகுகள்தான்.

ஆபீஸில் டீம் அவுட்டிங். எங்கே போவது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வாரம் சண்டை. கடைசியில் டீம் லீடர் ஒரு லிங்க்கைப் போட்டார் — கல்வராயன் மலையடிவாரத்தில் ரிசார்ட், காலையில் கிராமங்கள் வழியாகக் குதிரைச் சவாரி. எல்லோரும் கட்டை விரலைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். அந்த ரிசார்ட்டிலிருந்து எங்கள் ஊர் நாலு கிலோமீட்டர். அதைச் சொன்னேனா? இல்லை. ஆபீஸைப் பொறுத்தவரை எனக்குச் சொந்த ஊர் ‘விழுப்புரம் சைடு’.

எட்டுக் குதிரைகள். எனக்கு வந்தது ராணி. கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தவர் பாஷா பாய். “பயப்படாதீங்க சார், ரொம்ப சாது. தீனியப் பாத்தா மட்டும் நின்னுக்கும்” என்றார். தலையில் ஹெல்மெட், கண்ணில் கூலிங் கிளாஸ். செல்ஃபியில் பார்த்தால் எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது...

வாய்க்கால் கரையோடு போனோம். அரை மணி நேரத்தில் தொடை இரண்டும் கழன்றுவிடும் போலாயிற்று. அங்கே ஒரு கரும்புத் தோட்டம். பத்துப் பெண்கள் சோகை, அதாவது கரும்பின் காய்ந்த இலைகளை, உரித்துக்கொண்டிருந்தார்கள். காய்ந்த சோகை பிளேடு மாதிரி அறுக்கும். அதனால் புடவைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு.

கரும்பு நுனியின் பச்சைக் கொழுந்தாடையைப் பார்த்ததும் ராணி நின்றுவிட்டது.

கரையோரம் குனிந்திருந்தவரின் முதுகில் நீலக் கட்டம் போட்ட சட்டை. இடது தோளில் ஒரு கிழிசல், கறுப்பு நூலில் கோணல் தையல். அந்தத் தையலைப் போட்டவன் நான்தான். முதல் இன்டர்வியூவுக்குக் கிளம்பிய காலையில், ஹாஸ்டலில்.

அம்மா.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இரண்டு மாதம் முன்பு இதே பக்கத்தில் பீற்றிக்கொண்டேன் — என் அம்மா இனிமேல் கூலி வேலைக்குப் போகமாட்டார், சத்தியம் வாங்கிவிட்டேன் என்று. எத்தனை பேர் பாராட்டி எழுதினீர்கள்!

“ஹேய், போ... போ” என்று ராணியை அதட்டினேன். அந்தக் குரல் போதுமாயிருந்தது. அம்மா நிமிர்ந்தார். ஒரு கணம்தான் பார்த்தார். தலைத் துண்டை மூக்கு வரை இழுத்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டார்.

பக்கத்தில் செல்லம்மா அக்கா. அவர் வாய்க்கு எங்கள் தெருவே பயப்படும். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

“இன்னா சார், மாப்ள அழைப்பா? எட்டுப் பேரு வரீங்க, பொண்ணு வூடு எங்க கீது?”

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் டீமும்தான்.

“இதோ, இவ புள்ளகூட மெட்ராஸ்ல பெரிய ஆபீஸ்ல கீறான் சார். பாத்தீங்கன்னா சொல்லுங்க... குதிரைல எல்லாம் வேணாம், ஒரு நாளு பஸ் ஏறி வந்து தலையக் காட்டிட்டுப் போவச் சொல்லுங்க!”

“வாய மூடிக்கினு வேலையப் பாருடி” என்றார் அம்மா. திரும்பாமலே.

இறங்கியிருக்கலாம். ஒரு காலைத் தூக்கிப் போட்டால் மண். ‘இவங்க என் அம்மா’ — மூன்றே வார்த்தை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனவன் நான். பேச்சுப் போட்டிகளில் கப் வாங்கியவன். அத்தனை படிப்பும் சேர்ந்து அன்று என்ன செய்ய வைத்தது தெரியுமா? கூலிங் கிளாஸை மேலே ஏற்றி, சரியாக மாட்டிக்கொண்டேன்.

“செம ஃப்ரேம்! அப்படியே இரு” — டீம்மேட் திவ்யா போட்டோ எடுத்தாள். பாஷா பாய் கயிற்றைச் சுண்டினார். ராணி நகர்ந்தது.

அம்மா எதற்காக முகத்தை மூடினார்? சத்தியத்தை மீறி மாட்டிக்கொண்டோமே என்றா? அப்படி நம்பத்தான் எனக்கு ஆசை. நம்பிவிட்டால் தப்பு அவருடையதாகிவிடும் பாருங்கள்... ஆனால் அந்தத் துண்டு மூடியது என் மானத்தை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

சாயந்திரம் போன் செய்தேன்.

“இன்னிக்கி எங்கம்மா போன?”

“எங்கப்பா போவப்போறேன்? வூட்லதான், டிவி பாத்துக்கினு கீறேன். நீ?”

“ஆபீஸ்லதாம்மா. சனிக்கிழமையும் வேலை.”

“ம்...”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். குதிரைகூட இல்லை, நான் தரையில்தான் நின்றிருந்தேன். சொல்லவில்லை.

“சாப்ட்டியா?”

“சாப்ட்டேம்மா.”

“சரி, வச்சிடறேன். படுக்கறதுக்கு முன்னால வெந்நி வச்சி தொடைக்கு ஒத்தடம் குடுப்பா. இல்லன்னா காலைல நடக்க முடியாது.”

ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தொடை எதற்கு வலிக்கும் என்று நான் கேட்கவில்லை.