கொலை நாவலும் ஒரு கூவலும்

வண்டிப்பெரியாரில் வாங்கிய நாவலில் பக்கத்துக்குப் பக்கம் கொலை, அலறல். பயம் வரும் என்று பார்த்தால் கொட்டாவிதான் வந்தது. எரிச்சலில் மூடி வைத்துவிட்டுத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனேன்.

மூடுபனி இறங்கினால் நாங்கள் ஒருவருக்கொருவர் கூவிக்கொண்டேதான் வேலை செய்வோம். முந்தின வாரம்தான் எங்கள் தோட்டத்து மலையில் புலி மாட்டை அடித்திருந்தது. அடுத்த நிரையில் நின்ற பக்கத்து வீட்டு அக்காவைக் கூவினேன். பதிலில்லை. மறுபடி கூவினேன். எங்கோ செடி மட்டும் சலசலத்தது. மூன்றாம் முறை கூவாமல், கொழுந்து வெட்டும் கத்தரியைச் சத்தம் வந்த பக்கம் நீட்டிப் பிடித்தேன்.

“வாய் நெறைய வெத்தலடி, எப்பிடிக் கூவ?” என்றாள் அக்கா, பனிக்குள்ளிருந்து.

அழுதுகொண்டே திட்டினேன்.

நாவலில் கொலைகாரன் யாரென்று இன்னும் படிக்கவில்லை. எவனாயிருந்தால் எனக்கென்ன?