எனக்கென்று எடுத்த எவர்சில்வர்

இந்த ஊரில் பழைய துணிக்கும் ஒரு மரியாதை உண்டு. மதியச் சமையல் முடிந்து பெண்கள் கொஞ்சம் காலை நீட்டுகிற நேரமாகப் பார்த்து எங்கள் செம்பூர் காலனிக்குள் ஒருத்தி வருவாள். தலையில் கூடை, கூடை நிறையப் புதுப் பாத்திரங்கள், தோளில் ஒரு துணிமூட்டை. கிழிந்த சட்டை, சாயம் போன புடவை, எதைக் கொடுத்தாலும் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பாள். முகத்தைச் சுளிப்பாள். பிறகு ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்து வைப்பாள். நாம் வாளியைக் காட்டுவோம். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு நாலு அடி நடந்து, திரும்பி வந்து, கிண்ணத்துக்குப் பதிலாக ஒரு தட்டை வைப்பாள். நம் பக்கம் பழைய துணி கரித்துணியாகும், தொட்டில் கட்ட உதவும், இல்லாவிட்டால் யாருக்காவது சும்மா கொடுப்போம். துணியைக் கொடுத்துப் பாத்திரம் வாங்குகிறார்கள் என்றால் திருநெல்வேலிப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவளிடம் நான் இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் வியாபாரம் செய்திருக்கிறேன். அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால், என் முதல் வீட்டுக்கு நான் பாத்திரம் எடுத்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

சீனாக்காரன் சண்டை நடந்த வருஷம் கல்யாணமாகி பம்பாய் வந்தேன். தாராவியில் என் வீட்டுக்காரருடைய தாய்மாமா வீடு. வீடு என்றால் ஒரே அறை. மாமா, அத்தை, அவர்களுடைய பிள்ளைகள் மூன்று பேர், நாங்கள் இரண்டு பேர். என் அம்மா சீராகக் கொடுத்த பாத்திரங்கள் எல்லாம் கனத்த பித்தளை. ரயிலில் ஏற்ற முடியாது என்று சொல்லி மாமியார் வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டார்கள். என் கூட வந்தது ஒரு சின்னக் குத்துவிளக்கு மட்டும். அத்தை நல்லவள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் எந்தச் சட்டியில் ரசம் வைத்தாலும், "ஏ வடிவு, அது பாலுக்குள்ளதுல்லா" என்பாள். பால் காய்ச்சினால் அது புளிக்குழம்புச் சட்டியாக இருக்கும். இரண்டரை வருஷம் அந்த அடுப்படியில் ஒரு கரண்டியைக்கூட நான் யோசிக்காமல் கையில் எடுத்தது கிடையாது.

அவர் ஒரு பட்டறையில் லேத்து வேலை பார்த்தார். செம்பூரில் ஒரு அறை கிடைத்திருக்கிறது என்று அவர் வந்து சொன்ன அன்று, எனக்கு அழுகை வந்தது. தனி அறை, ஓரத்தில் மேடை, மேடைக்குப் பக்கத்தில் ஒரு குழாய். அவர் மாமாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "ஞாயித்துக்கெளம மாட்டுங்கா போவோம். பாத்திரமெல்லாம் நீயே பாத்து எடு. நான் வாயே தொறக்க மாட்டேன். ஒனக்கு எது புடிக்கோ அத எடு." அந்த வாரம் முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை. தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போதுகூட மனதுக்குள் மேடையில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பித்தளை வேண்டாம், தேய்த்து மாளாது. அலுமினியம் இரண்டரை வருஷம் பார்த்தாயிற்று. எவர்சில்வர்தான் என்று முடிவு செய்தேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அது எனக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

மாட்டுங்காக் கடைக்காரர் குஜராத்திக்காரர். அவர் எடுத்துப் போட்ட சோற்றுப் பாத்திரங்கள் எல்லாம் இங்கே தோப் என்று சொல்கிறார்களே, அந்த வகை. மேலும் கீழும் ஒரே அகலம், கழுத்தே கிடையாது. இவர்கள் சோற்றைத் தண்ணீர் வற்ற வேக வைப்பவர்கள், அவர்களுக்கு அது போதும். நாம் கஞ்சி வடிக்க வேண்டாமா? மூடி நழுவாமல் பாத்திரத்தைச் சாய்க்கக் கழுத்து வேண்டும், துணியைப் போட்டுப் பிடிக்க விளிம்பு வேண்டும். எனக்கு இந்தியில் இதைச் சொல்ல வரவில்லை. அதனால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூடி போட்டுச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். கடைக்காரர் ஓட்டை இருக்கிறதா என்று நான் சந்தேகப்படுவதாக நினைத்துவிட்டார். ஒரு செம்புத் தண்ணீரை வரவழைத்து, பாத்திரத்தில் ஊற்றி, "தேக்கோ பாபி, ஏக் பூந்த் நஹி கிரேகா" என்று, ஒரு சொட்டுக்கூட ஒழுகாது என்று, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். கடைசியில் பின்னறையிலிருந்து கழுத்து வைத்த பானை ஒன்று வந்தது. அதைத் தரையில் வைத்து ஆடுகிறதா என்று பார்த்தேன், விரலால் தட்டிப் பார்த்தேன், உள்ளே கையை விட்டு அடிமூலையில் விரல் போகிறதா, தேய்க்க வருமா என்று பார்த்தேன். அப்படித்தான் எல்லாவற்றையும் எடுத்தேன். குழம்புச் சட்டி, பால் பாத்திரம், வடிதட்டு, தூக்குவாளி, தம்ளர்கள், தட்டுகள், நான் சாப்பிட ஒரு கும்பா.

சொன்னபடி அவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டே இரண்டு இடத்தில்தான் திறந்தார். தட்டு நாலு போதும் என்றேன், ஆறு எடு என்றார். பிறகு ஒரு பெரிய குத்துவிளக்கைக் காட்டினார். "நம்மகிட்டதான் வெளக்கு இருக்கே, எதுக்கு வாங்குதீய?" என்று கேட்டேன். "இருக்கட்டும், வெளக்கு இல்லாம எப்படி?" என்றார். விளக்கில்லாமல் பாத்திரம் எடுக்கக் கூடாது என்பது நம் பக்கத்தில் எதற்கு உள்ள வழக்கம் என்று எனக்குத் தெரியாதா? சீர் கொடுக்கத்தானே! கண்ணெதிரே இருந்ததை நான் பார்க்கவில்லை. மனுஷனுக்கு நம் மேல் எவ்வளவு பிரியம் என்று பூரித்துப்போய் நின்றேன்.

பாத்திரம் எடுத்தால் பேர் வெட்ட வேண்டும். நாலு வீட்டுப் பாத்திரம் கலக்கும் இடத்தில் பேர் இல்லாத பாத்திரம் வீடு திரும்பாது. கடை வாசலிலேயே சிற்றுளியும் சுத்தியலுமாக ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். மராட்டிக்காரர், தமிழ் எழுத்தே தெரியாது. எழுதிக் கொடுத்தால் அச்சாக அப்படியே புள்ளி புள்ளியாக வெட்டிவிடுவார். இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு, சாக்கும் கயிறும் வாங்கி வருகிறேன் என்று போனார். நான் பாத்திரங்களுக்குக் காவலாக அந்தக் கிழவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மு. சண்முகவடிவு" என்ற என் பேர் அவ்வளவு நீளமாயிற்றே, தம்ளரில் இடம் காணுமா என்பதுதான் என் கவலை.

முதலில் சோற்றுப்பானை. கிழவர் "சு" என்று ஆரம்பித்தார். தப்பாக வெட்டுகிறாரே என்று பதறி, "கலத், கலத்" என்றேன். எழுத்தின் வளைவு சரியில்லை என்று சொல்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். கொஞ்சம் ரோஷத்தோடு சீட்டை என் முன்னே நீட்டி, "ஐஸாயிச் லிக்கா ஹை, பாயி" என்றார். எழுதியிருப்பது அப்படித்தான் இருந்தது. என் வீட்டுக்காரருடைய கையெழுத்து. "சு. வள்ளியம்மாள்." சு என்றால் சுடலைமுத்து, என் மாமனார். வள்ளியம்மாள் அவருடைய ஒரே மகள், என் நாத்தனார். நான் அந்தச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வேறு ஏதாவது எழுதியிருக்குமோ என்று. ஒன்றுமில்லை. கிழவர் மறுபடி உளியை எடுத்தார். ஒவ்வொரு எழுத்தாக விழ விழ நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பானை முடிந்ததும் அதை என் பக்கம் திருப்பி, சமாதானமாக, "ஆப்கா நாம்?" என்று கேட்டார். உன் பேரா என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல? "ஹாங்" என்றேன்.

என் வீட்டுக்காரர் சாக்கோடு திரும்பி வந்தபோது கும்பாவிலும் வெட்டு விழுந்தாயிற்று. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"வள்ளிக்கு ஆவணியில கல்யாணம் வச்சாச்சுல்லா. பம்பாய்லேர்ந்து எவர்சில்வர் வரும்னு அப்பா மாப்ள வீட்ல சொல்லிட்டாவ. நாளைக்கு ஊருக்குப் போற ஆள்கிட்ட குடுத்து விடணும்."

"எங்கிட்ட சொல்லிருந்தா நான் வேண்டாம்னா சொல்லிருப்பேன்?"

"நீ சொல்ல மாட்டெ. ஆனா இவ்வளவு ஆசையா எடுத்திருக்க மாட்டெல்லா."

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. என்னைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டே சொன்னார். அதுதான் என்னைக் கொன்றது. வள்ளிக்குப் பாத்திரம் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. கேட்டிருந்தால் நானே உட்கார்ந்து எடுத்துக் கொடுத்திருப்பேன். அவர் எடுத்துக்கொண்டது என் ஆசையை. அந்த ஒரு வாரம் நான் மனதுக்குள் அடுக்கிய மேடையை, அந்தக் கடையில் நான் சிரித்த சிரிப்பை. என்னைப் பொம்மைக் கடையில் விட்ட குழந்தையாக்கி, நான் எதைத் தொடுகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

செம்பூர் அறைக்கு அத்தை கொடுத்த இரண்டு நசுங்கிய அலுமினியச் சட்டிகளோடு குடி வந்தோம். நமக்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றார் அவர். வந்த நாலாம் நாள் அந்தக் கூடைக்காரி வாசலில் நின்றாள். நான் டிரங்குப் பெட்டியைத் திறந்து என் முகூர்த்தப் பட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் சரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். மற்ற நாளில் மூக்கைச் சுளிப்பவள் அன்று பேரமே பேசவில்லை. கூடையை இறக்கி, "லே லோ" என்று, வேண்டியதை எடுத்துக்கொள் என்று, சொல்லிவிட்டாள். கழுத்து வைத்த பானை அவளிடம் இல்லை. இரண்டு தோப், ஒரு சட்டி, தட்டு, தம்ளர், எல்லாம் எவர்சில்வர்தான், எடுத்துக்கொண்டேன். அழவில்லை.

சாயங்காலம் அவர் வந்து மேடையைப் பார்த்தார். ஏது என்று கேட்டார். சொன்னேன்.

"கல்யாணப் பட்டையா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா விட்டிருக்க மாட்டீயல்லா" என்றேன்.

அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். இதோடு கணக்குத் தீர்ந்தது, இனி இரண்டு பேரும் சமம் என்று நினைத்தேன். தோப் பாத்திரத்தில் கஞ்சி வடிக்கவும் பழகிக்கொண்டேன். ஆரம்பத்தில் இரண்டு தடவை கையில் ஆவி அடித்தது.

போன வருஷம்தான் ஊருக்குப் போக முடிந்தது. அவருக்கு லீவு இல்லை, நான் மட்டும் போனேன். வள்ளியை அம்பாசமுத்திரத்தில் கொடுத்திருக்கிறது. வாசலுக்கு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். எனக்கு அந்தக் கும்பாவிலேயே சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்து வந்தாள்.

"மதினி, பாத்திரத்தோட நீங்க அனுப்புன காயிதம். இன்னும் வச்சிருக்கேன். மாமியா ஏதாவது சொன்னா இத எடுத்து வாசிப்பேன், மனசு ஆறிரும். மதினிக்கு எழுத வராது, அவ சொல்லச் சொல்ல நான் எழுதுதேன்னு அண்ணந்தான் எழுதிருக்கான். இருங்க, வாசிச்சுக் காட்டுதேன்."

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். என் அம்மாவுக்கு வாரம் ஒரு கார்டு நான்தான் எழுதுகிறேன். தன் வீட்டுக்கு மட்டும் அவரே எழுதுவார், நானும் விட்டுவிட்டேன். வள்ளி ராகம் போட்டு வாசித்தாள். அன்புள்ள வள்ளிக்கு மதினி சொல்லிக்கொள்வது. இதில் ஒவ்வொன்றையும் நானே தட்டிப் பார்த்து, எனக்கென்று எடுப்பது போல ஆசையாக எடுத்தேன். நீ நன்றாக இருந்தால் நான் இருந்த மாதிரி. வாசிக்கும்போது அவளுக்குக் கண் நிறைந்தது. இதெல்லாம் நான் சொன்னதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுடைய மாமியார் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வள்ளி நோட்டும் பென்சிலும் கொண்டு வந்தாள். இனிமேல் என் பேருக்கே நேராகக் கடிதம் போடுவாளாம், அண்ணன் வாசித்துச் சொல்லட்டுமாம். "வெலாசம் சொல்லுங்க மதினி. மெதுவாச் சொல்லுங்க, நான் எழுதிக்கிடுதேன்" என்றாள். பென்சிலை வாங்கி எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அறை எண், காலனி, செம்பூர், பம்பாய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் எழுதி முடித்து, காட்டினால் எனக்கு வாசிக்கத் தெரியாதே என்று, முழுவதையும் சத்தமாக வாசித்தாள். "சரியா இருக்கா மதினி?" என்று கேட்டாள். சரியாக இருக்கிறது என்று தலையாட்டினேன்.