இருசப்பன் வளர்த்த ஜம்பு மரங்கள்

புக்கிட் ரோத்தானில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் இருசப்பன் அண்ணன். முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்து நர்சரியில் கன்று வளர்த்தவர். 1981இல் வேலை ஓய்ந்து, தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டையும் காலி செய்யச் சொன்னதும், மனைவி காளியம்மாவோடு இங்கே குடிவந்தார். தங்கமான மனுஷன். ஆனால் பிடிவாதத்தில் அவரை மிஞ்ச எங்கள் கிராமமான இந்தக் கம்பத்தில் ஆள் கிடையாது. உலகத்தில் ரப்பரைத் தவிர வேறு மரமே இல்லை என்பது அவர் நினைப்பு.

காளியம்மா அக்கா அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோளில் காண்டாக்கட்டையும் அதன் இரு பக்கமும் பால் வாளியுமாக மழையில் வழுக்கிக் கால்வாயில் விழுந்தார். அன்றோடு இடுப்பு போயிற்று. தூக்கி நாற்காலியில் வைத்தால் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். கைகள் மட்டும் பழைய பலத்தோடு இருந்தன. ஆனாலும் சோறு, தண்ணீர், வெற்றிலை என்று எல்லாவற்றையும் யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார். உள்ளுக்குள் அது அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் நான் கொடுத்த கொய்யாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "எல்லாத்தையும் அடுத்தவங்க எடுத்துக் குடுத்தே காலம் போயிரும் போல. கண்ணு மூடறதுக்குள்ள ஒரு பழத்தையாச்சும் மரத்துலருந்து நானே பறிக்கணும்லா."

அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரமே அவருடைய சைக்கிளில் ஆறு ஜம்பு கன்றுகள் வந்து இறங்கின. தண்ணீர் ஆப்பிள் என்று சந்தையில் விற்பார்களே, மணி போலச் சிவந்து தொங்கும் பழம், அதுதான். பதியன் போட்ட கன்று, சீக்கிரம் காய்க்கும், தாழப் படரும், உட்கார்ந்த இடத்திலேயே பறிக்கலாம் என்று விற்ற சீனர் சொன்னாராம். முதல் பழம் உன் கையால்தான் என்று அண்ணன் மனைவிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

வளர்த்த அழகைச் சொல்ல வேண்டும். கயிறு கட்டி நேர்வரிசையில் குழி வெட்டினார். சாணம் போட்டு, வேரைச் சுற்றிக் காய்ந்த லாலாங் புல்லைப் பரப்பி, கோழி கிளறாமல் வேலி வைத்தார். தண்டின் பக்கவாட்டில் ஒரு துளிர் தலைகாட்டினால் போதும், கிள்ளி எறிந்துவிடுவார். ரப்பர் கன்றுக்கு அப்படித்தான் செய்ய வேண்டும். பால் வெட்டுகிற உயரம் வரைக்கும் தண்டு மொழுமொழுவென்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலையை மேய்க்கும் மண்டோர் வாயில் விழ வேண்டியதுதான். அவர் கை தானாகவே துளிருக்குப் போனது. நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இந்த வீட்டு வரிசையில் எல்லோருமே தோட்டத்து ஆட்கள்தானே, மரமென்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மெச்சிக்கொண்டோம். ஒருவருக்காவது புத்தி வேலை செய்ததா?

மூன்றாம் வருஷம் காய்த்தது. தாழ ஒரு கிளையும் இல்லை, எல்லாம் உச்சியில். அண்ணன் அக்காவை நாற்காலியோடு மரத்தடிக்குக் கொண்டுவந்தார். அக்கா அண்ணாந்து பார்த்தார். கையை உயர்த்திக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் அவசரமாகத் துரட்டி கொண்டுவந்து இழுத்து, விழுந்த பழத்தைத் துடைத்து நீட்டினார். அக்கா வாங்கவில்லை.

"முப்பது வருஷம் தோட்டத்துக்கு மரம் வளர்த்தீங்க," என்றார். "இதையும் தோட்டத்துக்கே வளர்த்துட்டீங்க."

எனக்கே சுருக்கென்றது. அண்ணன் இடிந்துபோனார். பரண் கட்டித் தூக்கி உட்கார வைக்கிறேன் என்று கெஞ்சினார். தூக்கிவிட்டுப் பறித்தால் அது நீங்கள் பறித்த மாதிரிதான் என்று அக்கா மறுத்துவிட்டார். இடுப்பளவுக்கு வெட்டினால் புதுக்கிளை தாழ விடும் என்று வழி சொன்னதும் அக்காதான். காய்க்கிற மரத்தில் கை வைப்பதா? அண்ணனுக்கு மனம் வரவில்லை. மறுபடி காய்க்க வருஷக்கணக்காகும், அதுவரை இவள் இருப்பாளா என்ற பயம் வேறு. சோறு இறங்காமல் அந்த ஆறு மரங்களையே சுற்றிச் சுற்றி வந்தார்.

கடைசியில் வெட்டினார். ரம்பம் போடும்போது அழுதார். பார்க்கப் பொறுக்காமல் நான் உள்ளே போய்விட்டேன்.

மழை பெய்ததும் அடிக்கட்டையைச் சுற்றித் துளிர்கள் வெடித்துக் கிளம்பின. அண்ணன் விரல் சும்மா இருக்குமா? அக்கா தன் நாற்காலியை மரங்களுக்கு நடுவில் போடச் சொல்லி, கையில் ஒரு குச்சியோடு காவல் இருந்தார். அண்ணன் குனியும்போதெல்லாம் முதுகில் ஒன்று விழும். எங்கள் வரிசைக்கே அது நல்ல வேடிக்கை.

அக்கா இருந்தார், கிளைகளும் தாழ்ந்தன. எண்பத்தேழில் பூ அவர் மடியருகே வந்தது. பிஞ்சுகளைப் பழ ஈ துளைக்காமல் பழைய தாளில் சுற்றிக் கட்டினார். வருஷக்கணக்கில் வேலை இல்லாமல் கிடந்த கைகள் அவை. யாரையும் தொடவிடவில்லை.

பழுத்த அன்று அண்ணன் பக்கத்திலேயே நின்றார். உதவிக்குக் கை பரபரத்தது. ஒதுங்கி நில்லுங்கள் என்று அக்கா அதட்டினார். பிறகு தாளைப் பிரித்து, காம்பைத் திருகி, பழத்தைப் பறித்தார். தான் தின்னவில்லை.

"இந்தாங்க," என்று அவரிடம் நீட்டினார்.

அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.