நுரையக்காவின் முகம்

எங்கள் கடையில் அவளுக்குப் பெயர் நுரையக்கா. ஃபேஸ்வாஷ் கவுன்டரில் நின்று, வருகிறவர்களுக்குத் தன் முகத்தையே கழுவிக் காட்டுவது அவள் வேலை. பக்கத்தில் சீப்பு விற்கும் எனக்குப் பொழுது போவதே அவள் பேச்சில்தான். மனிதர்களோடு பேசாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவளைக் கீழே குடோனுக்கு அனுப்பப்போவதாகப் பேச்சு. அங்கே அட்டைப்பெட்டிகளோடுதான் அரட்டை அடிக்க வேண்டும்.

காரணம், அவள் முகம். ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை கழுவினால் எந்தத் தோல்தான் தாங்கும்? கன்னம் இரண்டும் சிவந்து உரிந்திருந்தன. முகம் கெட்டவர் கவுன்டரில் நிற்கக்கூடாது என்பது கம்பெனி சட்டம். கெடுத்ததே கம்பெனிதான் என்று யார் கேட்பது? அன்று மேனேஜர் பார்வையிட வருகிறார் என்று, பவுடரை அப்பிக்கொண்டு வந்திருந்தாள்.

"தெரியுதாடி?"

"தெரியல. ஆனா கழுவச் சொன்னா என்னக்கா பண்ணுவ?"

"நீ வேற வயித்துல புளியைக் கரைக்காத."

மேனேஜர் வந்த நேரம் பார்த்து, முகமெல்லாம் பருவோடு ஒரு கல்லூரிப் பெண்ணும் வந்து நின்றாள். "இவங்களுக்குச் செஞ்சு காட்டுங்க" என்றார் அவர். நான் சீப்பு அடுக்குவதை விட்டுவிட்டு அவளையே பார்த்தேன்.

நுரையக்கா வெதுவெதுப்பான தண்ணீரில் முகத்தை நனைத்தாள். பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கையில் நுரைத்து, விரல் நுனியால் மெல்ல வட்டமிட்டாள். மூக்கோரம், நெற்றியில் முடி தொடங்கும் இடம், தாடைக்கு அடியில். ஒரு நிமிஷம் ஆயிற்று. எரிச்சலில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. கழுவினாள், துண்டால் ஒற்றினாள். பவுடர் முழுக்கப் போயிருந்தது.

"ஐயோ, ஏன் இப்படிச் சிவந்திருக்கு?" அந்தப் பெண் பின்வாங்கினாள். மேனேஜரின் முகம் கடுகடுத்தது.

வெயில் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம் அவள். சொல்லவில்லை.

"நான் பதினாலு தடவை கழுவறேன்மா, அதான். நீ காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அதோட நிறுத்திக்க. அழுத்தித் தேய்க்காத. ஈரம் காயறதுக்குள்ள க்ரீம் போட்டுடு. ஒரே வாரத்துல பரு போயிடும்னு யாராவது சொன்னா நம்பாத. ஒரு மாசம் பாரு, கேக்கலேன்னா டாக்டர்கிட்ட காட்டு."

"உள்ளதைச் சொல்றீங்கக்கா" என்று அந்தப் பெண் இரண்டு பாட்டில் வாங்கிப் போனாள்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

"பிரமாதம்! குடோனும் வேணாம், ஒண்ணும் வேணாம். தினமும் இதையே சொல்லுங்க. ஆனா முகத்தை ஆற விட்டுடாதீங்க. இந்தச் சிவப்பு இருந்தாத்தான் ஜனம் நம்பும்."

அந்த ஆளை ஓங்கி ஒன்று வைக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. நுரையக்கா கத்தவில்லை. மேஜையிலிருந்த க்ரீம் டப்பாவைத் திறந்தாள். அவர் பார்க்கப் பார்க்க, இரண்டு கன்னத்திலும் தாராளமாகப் பூசினாள்.

"குடோனுக்கு இப்பவே போகட்டுமா சார்?" என்று கேட்டாள்.