லாரி திரும்ப எத்தனை நாள்?

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். இப்போதும் பூட்டிய கதவைத் தள்ளிப் பார்க்கப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிற ஆள்தான். ஐந்தாம் வகுப்பில் அந்தப் பயம் முழுக்க அப்பாவைப் பற்றியதாக இருந்தது.

அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டினார். பொங்கல் முடிந்து போனவர் ஆடி பிறந்தும் வரவில்லை. கேட்டால், தூரத்து லோடு, இறக்க நாளாகும் என்பாள் அம்மா. தெருவுக்கும் அதே பதில்தான். அம்புட்டுக் கனமான லோடா என்று பெண்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். எனக்கு அது லாரியைப் பற்றிய பேச்சு.

அப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஒரு படக்கதைப் புத்தகம் வரும். எங்கள் தெருவுக்கே ஒரு புத்தகம், ஏழு வீட்டுப் பிள்ளைகள். என் முறை கடைசி. வந்து சேரும்போது அட்டை இருக்காது. மற்றவர்கள் படக்கதைக்கு அடித்துக்கொள்ள, நான் கேள்வி பதில் பக்கத்தைத் தேடுவேன். வானவில் ஏன் வளைகிறது என்று யாராவது கேட்டிருப்பார்கள், பொறுமையாகப் பதில் இருக்கும். அதில் அச்சானது பொய்யாகாது என்பது எங்கள் நம்பிக்கை.

நானும் ஒரு கார்டு போட்டேன். கேரளாவுக்குப் போன காய்கறி லாரி திண்டுக்கல் பக்கம் திரும்பி வர எத்தனை நாள் ஆகும்?

ஒரு வெள்ளிக்கிழமை என் கேள்வி அச்சில் வந்தேவிட்டது. என் பெயர், வகுப்பு, ஊர் எல்லாம் போட்டு. காய் அழுகிவிடும் அல்லவா தம்பி, அதனால் சீக்கிரம் இறக்கிவிட்டு மறுநாளே திரும்பிவிடும் என்று பதில். கூட்டாளிகள் முதுகில் தட்டினார்கள். முதல்முறையாகப் புத்தகம் அட்டையோடு என் கைக்கு வந்தது. நானோ அந்தப் பதிலையே திரும்பத் திரும்ப வாசித்தேன். மறுநாளே வரவேண்டிய லாரி. அப்படியென்றால் மலையில் எங்கேயோ உருண்டு கிடக்கிறது.

அம்மா குழாயடியில் நின்றாள். சுற்றி ஏழெட்டுப் பெண்கள். மூச்சு வாங்க ஓடிப்போய் அத்தனை பேர் முன்னாலும் பதிலைச் சத்தமாக வாசித்துவிட்டுக் கேட்டேன்.

"அப்பா லாரி கவுந்துருச்சாம்மா?"

அம்மா புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை அடைக்கவில்லை.

"ஆமாப்பு. கவுந்துருச்சு. இனிமே யாருகிட்டயும் கேக்காத."

புழுதியில் புரண்டு அழுதேன். அதற்குப் பிறகு அம்மாவைக் கண்ணில் படாமல் விட்டால் அவளும் போய்விடுவாள் என்ற பயம் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடம் போவதாகக் கிளம்பி, அவள் வேலை செய்த மில் வாசலில் போய் உட்கார்ந்துவிடுவேன். படிப்பு அப்படியே நின்றது.

எங்கள் தெருவில் ஒரு சாவு என்றால், பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுவார்கள். அன்றைக்குக் குழாயடியில் ஒருத்தியும் அழவில்லை. தலையைக் குனிந்தபடி அவரவர் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் அம்மா எப்போதும்போல் குங்குமம் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். செத்தது என் அப்பா, ஒருத்தருக்கும் கண்ணில் தண்ணீர் வரவில்லையே என்று அந்தத் தெருவின் மேல் எனக்கு வெகுநாள் ஆத்திரம் இருந்தது.