இருபது ஜிபி சாமிகள்

என் மடிக்கணினி கடைசியாக மரியாதையுடன் சொன்னது, போதிய இடமில்லை என்பதுதான். அதற்கப்புறம் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.

புதிய சிஸ்டம் போட இருபது ஜிபி காலியிடம் வேண்டுமாம். என்னிடம் இருந்தது மூன்று. மொத்தமே அறுபத்து நான்குதான். மலிவு விற்பனையில், மூடியின் நிறம் பிடித்துப்போய் வாங்கியது. "சுக்கோப் லா அக்கா, போதும்" என்றாள் விற்ற பெண். அவளை நம்பி வாங்கியவள் யார் என்றால், கூலிம் ஹைடெக் பூங்காவில் சிப் தொழிற்சாலையில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவள். ஊருக்கெல்லாம் நினைவகம் செய்து அனுப்பிவிட்டு எனக்கென்று வாங்கியது இதை. வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

அந்த வேலையை நானேதான் விட்டேன். தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே தெரியும். அந்தக் கண்ணிலும் திமிர் தெரிகிறது என்று சொன்ன சூப்பர்வைசரிடம் ஒருநாள் வாய்க்கு வாய் பேசினேன், மறுநாள் விலகிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ரோஷத்துக்குக் குறைச்சல் இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் குறைச்சல். பல மாதம் வீட்டில் உட்கார்ந்து அம்மாவோடு சண்டை போட்ட பிறகு, வீட்டிலிருந்தே வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் சொல்லும் ஒரு வேலைக்குக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை காலை ஆன்லைனில் தேர்வு. அந்தத் தேர்வு மென்பொருள் என் பழைய சிஸ்டத்தில் திறக்கவே திறக்காது. இந்த நல்ல சேதியை நான் தெரிந்துகொண்டது சனிக்கிழமை காலை. தேர்வைத் தவறவிட்டால் மறுபடி அந்த வெள்ளை உடுப்புக்குள் நுழைந்து அதே சூப்பர்வைசர் முன்னால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஆகவே அழிக்க ஆரம்பித்தேன். பாதி பார்த்த நாடகங்கள் போயின. ஒருநாளும் திறக்காத உடற்பயிற்சி வீடியோக்கள் போயின. பொய்யின் அளவுக்கேற்ப வகைவகையாக எழுதிவைத்திருந்த சுயவிவரங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கினேன். மூன்று ஐந்தானது. இடத்தை யார் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அப்புறம்தான் தேடிப் பார்த்தேன். 'அம்மா போன்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் இருபது ஜிபிக்குக் குறையாமல் சாமி.

எல்லாம் சின்னம்மா அனுப்பியவை. அம்மாவின் தங்கை. பாலிங்கில் ஒரு துண்டு ரப்பர் நிலமும் சில கோழிகளுமாகத் தனியாக இருந்தவள், போன வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டாள். உயிரோடு இருந்தவரை தினமும் காலையில் அம்மாவின் வாட்ஸ்அப்பில் ஒரு சாமி வந்து விழும். ஆவி பறக்கும் காப்பிக் கோப்பையோடு முருகன், பனிமலைக்கு முன்னால் துலிப் பூக்கள் நடுவே பிள்ளையார், நட்சத்திரங்கள் மினுமினுக்க அம்மன். எல்லாவற்றிலும் காலை வணக்கம். சில சமயம் பாட்டோடு வீடியோ. அந்தப் பாட்டுக்கு அந்தந்தச் சாமிகளே எழுந்து ஓடியிருக்கும். அம்மாவின் போன் நிரம்பும்போதெல்லாம் நான் அதை மடிக்கணினியில் கொட்டிவிட்டுப் போனைக் காலி செய்து கொடுப்பேன். அப்படிச் சேர்ந்தது இந்தக் கைலாசம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அக்காவும் தங்கையும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஒரு கல்யாணத்தில், அம்மா வைத்த ஆட்டுக்கறிப் பிரட்டலில் உப்பு அதிகம் என்று சின்னம்மா பந்தியில் எல்லாருக்கும் கேட்கிறமாதிரி சொல்லிவிட்டாள். அதிகம்தான், நானும் சாப்பிட்டேன். அன்றோடு பேச்சு நின்றது. சின்னம்மா படம் அனுப்புவாள், அம்மா ஒருநாளும் பதில் போட்டதில்லை. சின்னம்மா இறந்த அன்று மட்டும், எங்களுக்கு யாரும் தகவல் சொல்வதற்கு முன்பே, அம்மா பக்கத்து வீட்டுக்காரர் ஓட்ட, அவர் காடியில் ஏறிப் பாலிங் போய்ச் சேர்ந்திருந்தாள். நான் தொழிற்சாலைக்குள் இருந்தேன். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. எப்படித் தெரிந்தது என்று அப்புறம் கேட்கத் தோன்றவில்லை. சாவு வீட்டில் அதையெல்லாம் யார் கேட்கிறார்கள்.

ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து அழிக்கும் பொத்தானுக்குக் கை போனபோது, பின்னால் கரண்டியோடு அம்மா நின்றாள்.

"என்னடி பண்ற?"

"இடம் பத்தலம்மா. இத டிலிட் பண்ணணும்."

அம்மா திரையைப் பார்த்தாள். மூலையில் குப்பைத் தொட்டியின் படம் இருந்தது. அதைக் கரண்டியால் சுட்டினாள்.

"அங்கயா போவும்? சாமிய தோங் சம்பாவுல போடுவியா நீ?"

"அது நெஜக் குப்பைத் தொட்டி இல்லம்மா."

"பின்ன ஏன் குப்பைத் தொட்டி மாதிரியே இருக்கு?"

மடிக்கணினியை மூடினேன். சுங்கைப்பட்டாணி டவுனில் போன் கடை வைத்திருக்கும் பாயைக் கேட்கப் போனேன். "ஒரே போடா ஃபார்மட் போட்டுத் தரேன் அக்கா, எல்லாம் கிளீன்" என்று முதலில் உற்சாகமாகச் சொன்னவர், விஷயத்தைக் கேட்டதும் இறங்கிவிட்டார். "என் அத்தா வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம ஜும்மா முபாரக் அனுப்புவாரு. மசூதி, பூ, புறா. என் போன் செத்துக்கிட்டிருக்கு. நா மட்டும் அழிச்சிட்டேனா?" என்று சொல்லி ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினார்.

வீட்டுக்கு வந்து செருகினேன். அம்மா நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இங்கேருந்து கட் பண்ணி அங்க ஒட்டிடுவேன். குப்பைத் தொட்டிக்கே போவாது."

"கட்டா? முருகனையா?"

"மூவ் பண்றேன்மா. இடம் மாத்துறேன். லாரி வச்சு வீடு மாத்துற மாதிரி லா."

லாரி அம்மாவுக்குப் பிடித்திருந்தது. பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து முடியும்வரை எழுந்திருக்கவில்லை. சோறு குழைந்துபோனதைப் பற்றிக்கூடக் கவலைப்படவில்லை. பென்டிரைவை உருவி, மேசை இழுப்பறையில் போடப் போனேன். செத்த பேட்டரி, நகவெட்டி, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள், கரப்பான் முட்டை.

"அங்கயா வைப்ப?" என்றாள் அம்மா.

எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் உடைந்த சாமி படத்தையோ போன வருஷத்துக் காலண்டரையோ யாரும் குப்பையில் போடுவதில்லை. கோயில் மரத்தடியில் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவோம். மிச்சத்தை மழையும் கரையானும் பார்த்துக்கொள்ளும், நமக்குப் பாவமில்லை. "அப்ப மரத்தடியில கொண்டுபோய் வச்சிட்டு வந்துரு" என்று எரிச்சலில் சொன்னேன்.

நக்கலாகத்தான் சொன்னேன். அம்மா எழுந்துகொண்டாள். "சரி, காடிய எடு" என்றாள்.

இதை எப்படி மறுப்பது. புதிய சிஸ்டத்தை இறங்கவிட்டேன். எப்படியும் மணிக்கணக்கில் ஆகும். சூடாகாமல் இருக்க மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்துவிட்டுக் கிளம்பினோம். புக்கிட் செலம்பாவ் பக்கம் அம்மாவும் சின்னம்மாவும் பிறந்த தோட்டம் இருக்கிறது. இப்போது ரப்பர் மரங்கள் போய் முழுக்கச் செம்பனை மரங்கள். கோயில் மட்டும் அங்கேயே இருக்கிறது, அதன் பின்னால் அரசமரம்.

மரத்தடியில் நல்ல கூட்டம். கண்ணாடி உடைந்த லட்சுமிகள், தும்பிக்கை இல்லாத பிள்ளையார், மளிகைக்கடைக் காலண்டர்கள், சாயம் போன சிவன். எல்லாரும் வேரில் சாய்ந்துகொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். அம்மா பென்டிரைவை ஒரு வெற்றிலையில் வைத்து, அதன் தலையில் குங்குமம் வைத்தாள். போச்சு, இனி அது எந்தக் கணினியிலும் வேலை செய்யாது என்று நினைத்துக்கொண்டேன். குனிந்தாள். வைக்கவில்லை. நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அங்கே வீட்டில் கணினி பாதியில் நின்றிருக்குமோ என்று மணி பார்த்தேன்.

"வைம்மா, போவலாம்."

"மழ வரும் போல."

"சாமிக்கு என்னம்மா மழை?"

"சாமிக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள். "இது அவ அனுப்புனது."

அம்மா வெற்றிலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"காலைல படம் வந்தா அவ எழுந்திரிச்சிட்டான்னு தெரியும். அப்புறந்தான் நா காப்பி கலக்குவேன். அன்னிக்கு வரல. கொஞ்சநேரம் பாத்தேன், வரல. அதான் பக்கத்து வீட்டு அண்ணன எழுப்பிக் காடி எடுக்கச் சொன்னேன்."

உப்புக்காகப் பேச்சை நிறுத்திய பொம்பளை. எனக்குக் கோபம் வந்தது.

"அப்ப நீ ஏம்மா ஒரு தடவகூடப் பதில் போடல?"

"பதில் போட்டா நா தோத்த மாதிரி ஆயிரும் லா. வந்த ஒடனே தொறந்து பாத்துருவேன். ரெண்டு டிக்கும் நீலமாயிரும்ல. நா உசுரோட இருக்கேன்னு அவளுக்குத் தெரிஞ்சிரும். போதாதா?"

பல வருஷமாக இரண்டு கிழவிகள், கெடா மாநிலத்தின் இரண்டு மூலையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா என்று தினமும் கேட்டுப் பதிலும் வாங்கியிருக்கிறார்கள். சாமியைத் தூது அனுப்பியிருக்கிறார்கள். அதைத்தான் காலையில் நான் ஒரே தட்டில் அழிக்கப் பார்த்தேன்.

வெற்றிலையோடு பென்டிரைவை அவள் கையிலிருந்து வாங்கினேன். என் சட்டையில் குங்குமத்தைத் துடைத்தேன். "எலக்ட்ரானிக் சாமானுக்குப் பொட்டு வைக்கிறதெல்லாம் ஆகாதும்மா" என்று திட்டினேன். காடிக்குள் ஏறியதும் அம்மா அதைத் திரும்ப வாங்கித் தன் பீரோ சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டாள். மரத்தடியில் வெற்றிலையை மட்டும் விட்டு வந்தோம். நனையட்டும்.

வீட்டுக்கு வந்தபோது கணினி முடித்துவிட்டுத் தயாராக இருந்தது. புதிய திரையில் ஒரு பனிமலை. அம்மா குனிந்து பார்த்து, "இதுல பிள்ளையாரக் காணோம்" என்றாள். பென்டிரைவைச் செருகிப் பார்த்தேன். குங்குமத்தையும் மீறித் திறந்தது. எல்லாரும் இருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை அடுக்களையில் அம்மா பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் வெளுத்த முகத்தோடு தேர்வுக்கு உட்கார்ந்திருந்தேன். போன் அதிர்ந்தது. அம்மா அனுப்பியிருந்தாள். ஆவி பறக்கும் காப்பிக் கோப்பையோடு முருகன், காலை வணக்கம். எங்களுக்கு நடுவே இருந்தது ஒரு பலகைச் சுவர். என் வாழ்நாளில் அம்மா எனக்கு அனுப்பிய முதல் சாமி அது.

கூப்பிட்டு ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பதில் போடலாம் என்று விரல் போனது. இரண்டையும் செய்யவில்லை. படத்தைத் திறந்து மட்டும் பார்த்தேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. கொஞ்சநேரம் கழித்துக் காப்பி கலக்கும் சத்தம் கேட்டது.

வேலை கிடைத்துவிட்டது. இப்போது நாள் தவறாமல் ஒரு சாமி வருகிறது, சில நாள் பாட்டோடு. போனவாரம் என் போனும் போதிய இடமில்லை என்று சொல்லிவிட்டது. உட்கார்ந்து என் செல்ஃபிகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறேன்.